துன்பத்தை ஆசீர்வாதம் என்று யார் சொல்லலாம்?

சிம்பாங் அம்பாட்டிலிருந்து பத்து காவான் வழியாகப் போய், 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பினாங்குப் பாலத்தில் ஏறினால், வலக்கைப் பக்கம் கடலுக்கு நடுவே காடு மூடிய ஒரு தீவு தெரியும். அதன் பெயர் ஜெரஜாக். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் அதைத் தொழுநோயாளிகளின் ஒதுக்கிடமாக ஆக்கினார்கள். கப்பலில் வந்தவர்களைத் தடுத்து வைத்து நோய் சோதிக்கும் முகாமும் பிறகு அங்கே அமைந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கென்று வந்த தமிழர்கள் பலர் இந்த நாட்டில் முதலில் கால் வைத்த மண் அந்தத் தீவாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே காசநோய் மருத்துவமனை இருந்தது. 1969 மே 13 கலவரத்தை அடுத்து அது கைதிகளின் தீவானது. 1993-இல் சிறையும் மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஊர் தன் கண்ணில் படக்கூடாது என்று நினைத்த துன்பத்தையெல்லாம் கொண்டுபோய் ஒதுக்கி வைத்த இடம் அது. ஆண்டவர் நல்லவர் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் கிறிஸ்தவன் அந்தத் தீவைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அதைச் சொல்லியாக வேண்டும்.

ஆண்டவர் நல்லவர் என்றால் துன்பம் ஏன் என்ற கேள்விக்கு நம் சபைகளில் பழகிப்போன விடைகள் உண்டு. புற்றுநோய் என்று தெரியவந்த வீட்டுக்கும், பிள்ளையை விபத்தில் பறிகொடுத்த வீட்டுக்கும் போகிறவர்கள், ஆண்டவர் நன்மைக்காகவே இதை அனுமதித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். செழிப்பின் உபதேசம் பேசுகிறவர்களோ, விசுவாசம் போதவில்லை, மறைவான பாவம் ஏதோ இருக்கிறது என்று கைகாட்டுகிறார்கள். இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றினாலும் உள்ளே ஒன்றுதான். துன்பப்படுகிறவனின் வாயிலிருந்து வரவேண்டிய சொல்லை வெளியிலிருப்பவர் பறித்துக்கொண்டு பேசுகிறார். துன்பத்தைத் திருமறை எங்கும் நன்மை என்று சொல்லவில்லை. துன்பத்துக்குள்ளும் கடவுளின் நன்மை வேலை செய்யும் என்று சொல்கிறது. அதை ஆசீர்வாதம் என்று பெயரிட்டு அழைக்கும் உரிமையைத் துன்பப்பட்டவருக்கே விட்டுவிடுகிறது. மற்றவர்களுக்கு அது கொடுப்பது கடமை. திருமறையை முழுவதுமாக வாசித்தால் இந்த முடிவுக்கே வர முடியும் என்பது என் துணிபு. தமிழ் மண்ணில் நடந்த தொழுநோய்ப் பணியின் வரலாறும் அதற்குச் சான்று.

முதலில் திருமறை. யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவரும் கடவுளுக்காக வழக்காடுகிறவர்கள். கடவுள் நீதியுள்ளவர், ஆகவே துன்பத்துக்குக் காரணம் இருந்தே தீரும் என்பது அவர்கள் கட்சி. யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான். நூலின் கடைசியில் கடவுள் கோபம்கொள்வது அந்த நண்பர்கள் மேல். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். நண்பர்களின் பேச்சு பக்தி நிரம்பியது, யோபுவின் பேச்சோ தெய்வ நிந்தனைக்கு மிக அருகில் போவது. அப்படியிருந்தும் தீர்ப்பு இவ்வாறு அமைந்தது. புதிய ஏற்பாட்டிலும் இதே போக்குதான். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் பாவமா இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்துவிட்டுக் குணமாக்கும் வேலையில் இறங்குகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே விடை சொல்கிறார். கெத்செமனே தோட்டத்தில், முடியுமானால் இந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கட்டும் என்று மன்றாடுகிறார். துன்பம் தன்னிலேயே நல்லதாக இருந்தால் அந்த மன்றாட்டுக்கு இடமே இல்லை. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். புலம்பலை வழிபாட்டுக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கும் ஒரு மதம், முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதற்கு மறுப்பாக எல்லாரும் எடுத்துக் காட்டுவது பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை. தேவனை நேசிக்கிறவர்களுக்கு எல்லாமே நன்மைக்காகச் சேர்ந்து நடக்கிறது என்ற கருத்து அங்கே இருப்பது உண்மை. ஆனால் அதற்குச் சில வசனங்கள் முன்னால், படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் தவிப்பதாகவும், ஆவியானவரே சொல்லில் அடங்காத பெருமூச்சோடு நமக்காக மன்றாடுவதாகவும் பவுல் எழுதுகிறார். பெருமூச்சு இல்லாத நன்மை பவுலுக்குத் தெரியாது. அதே பவுல் தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டவர். கேட்டது கிடைக்காத பிறகுதான், பலவீனத்தில் கிடைத்த பலத்தைப் பற்றி எழுதுகிறார். எழுதியது அவர், முள்ளும் அவருடையது. கொரிந்து சபையார் அவரிடம் வந்து இந்த முள் உமக்கு ஆசீர்வாதம் என்று சொல்லவில்லை. உபத்திரவம் பொறுமையையும் பொறுமை நம்பிக்கையையும் விளைவிக்கும் என்று அவர் சொல்லும் இடத்திலும், பேசுகிறவர் சாட்டையடியும் சிறையும் கண்டவர். சாட்சியாகச் சொன்னதை நாம் சட்டமாக்கிவிட்டோம். கோளாறு தொடங்குவது அங்கேதான்.

இனி, தொழுநோய்ப் பணி தரும் சான்றுக்காக வேலூருக்கு வருவோம். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரிப் பெற்றோரின் மகன். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரை அழைத்த ராபர்ட் காக்ரேன் தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்றவர். அவரோடு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பிடித்துப் பார்த்தார். அந்தக் கை அவர் கையை வலிக்கும்படி இறுக்கியது. செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் நல்ல தசைகள் மிச்சமிருந்தன. அந்தத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் சரிசெய்த கைகளிலும் புண்கள் வந்துகொண்டேயிருந்தன. காரணம் தேடிய பிராண்டின் கண்ணில் ஒரு நாள் பட்ட காட்சி இது. துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப அவரால் முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் வந்து வாங்கிச் சட்டென்று திருப்பிவிட்டான். கீழே சொட்டிய இரத்தத்தைக் கண்டு அவன் கையைப் பிடித்துப் பார்த்தால், விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கோ எதுவும் தெரியவில்லை. இரவில் தூங்கும்போது சிலர் விரல்கள் குறைந்துகொண்டே வந்த காரணமும் பிறகு வெளிப்பட்டது. எலிகள் வந்து கடித்துப் போயின. வலிக்காததால் யாரும் விழிக்கவில்லை. குணமாகி வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பும் ஏற்பாடு அப்படித்தான் வந்தது.

தொழுநோய் சதையைத் தின்பதில்லை. அது நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, அழிவில் பெரும்பகுதி வலி இல்லாததால் வருகிறது என்பதே பிராண்டின் கண்டுபிடிப்பின் சாரம். உலகமே சாபம் என்று நினைத்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, வலியுணர்வு இல்லாதவர்களுக்குச் செயற்கையாக வலி உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்ய அவரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் முயன்றார்கள். கையுறையில் அழுத்தமானியை வைத்து, ஆபத்து வரும்போது உடலின் வேறு பகுதியில் வலி தரும்படி அமைத்தார்கள். முயற்சி தோற்றது. வேலைக்குத் தடையாகும்போது நோயாளிகள் விசையை அணைத்துவிட்டார்கள். அணைக்க முடியாத வலிதான் காப்பாற்றும் என்பது அந்தத் தோல்வியின் பாடம்.

இந்தச் சான்றை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. காவலாக நிற்கும் வலியைப் பற்றித்தான் அது பேசுகிறது. புற்றுநோயின் வலி பல வேளைகளில் காலம் கடந்தே வருகிறது. வந்த பிறகும், இனிச் சொல்ல ஒன்றும் இல்லாத நிலையிலும் ஓயாமல் அடிக்கிறது. தீக்காயம் பட்ட குழந்தையின் வலிக்கு எச்சரிக்கும் வேலை எதுவும் மிச்சமில்லை. மன வேதனைக்கும், பிரிவுக்கும், அவமானத்துக்கும் இந்த விளக்கம் எட்டவே எட்டாது. ஜெரஜாக்கில் அடைக்கப்பட்டவனின் பெரிய துன்பம் அவன் கையில் இல்லை. படகு ஏறிய அன்று திரும்பிப் போன உறவில் இருந்தது. ஆகவே பிராண்ட் நமக்குப் பாதி வழியே காட்டுகிறார். மீதியைக் காட்டியவர் அவரிடம் வேலை கற்ற ஒரு பெண்.

மேரி வர்கீஸ் 1925-இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூரில் படித்து இளம் மருத்துவராக இருந்தார். 1954-இல் சக மருத்துவர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மருத்துவப் பணி முடிந்தது என்றே அவரும் நினைத்தார். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்பதை எடுத்துச் சொன்னவர் பிராண்ட். கால் உணர்வை இழந்த மருத்துவர், கை உணர்வை இழந்தவர்களுக்குச் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை செய்யத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும், அங்கிருந்து நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கும் போய்ப் பயின்றார். திரும்பி வந்து வேலூரில் உடலியல் மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தும் கிணற்றில் விழுந்தும் முதுகு முறிந்து, படுத்த படுக்கையாகவே சாக விடப்பட்ட கிராமத்து மக்கள், எழுந்து உட்காரவும் பிழைக்கவும் அங்கே கற்றுக்கொண்டார்கள். அரசு 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 1986-இல் மறைந்தார். தனக்கு நேர்ந்ததில் கடவுளின் நன்மையைக் கண்டதாக அவர் சொன்னபோது கேட்டவர்கள் தலைகுனிந்து ஏற்றார்கள். ஏனென்றால் அதைச் சொன்னவர் அந்த நாற்காலியில் இருந்தவர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிழைத்து வென்றவர்களை மட்டும் காட்டினால் எதையும் நிறுவலாம். மேரி வர்கீசுக்குப் பெரிய மருத்துவமனை இருந்தது, பிராண்ட் இருந்தார், வெளிநாட்டுப் படிப்பு கிடைத்தது. அதே ஆண்டில் செபராங் பிறையின் ஒரு தோட்டத்தில் அதே போல முதுகு முறிந்த பெண்ணுக்கு என்ன கிடைத்திருக்கும்? மறுப்பு சரியானது, அதுவே என் வாதத்தின் நடுவிடம். விபத்து நன்மையைப் பிறப்பிக்கவில்லை. விபத்துக்குப் பின் வந்த கைகள் பிறப்பித்தன. கடவுளின் நன்மை மனிதர் வழியாக நடமாடுகிறது என்று நம்புகிறவன், அந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால், கடவுளைக் குறை சொல்வதற்கு முன் போகாத கைகளைக் கணக்குக் கேட்க வேண்டும். தொழுநோயைக் குணமாக்கியது மருந்துதானே, விசுவாசம் எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்லலாம். டாப்சோன் மருந்தும், 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையும்தான் நோயைக் குணமாக்கின. அந்த மருந்தை யாரும் தொட மறுத்த உடல்களிடம் கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் காக்ரேனும், 1955-இல் தொடங்கிய காரிகிரி மருத்துவமனையின் ஊழியர்களும் செய்தது அதுதான்.

இதைவிடக் கடினமான மறுப்பு சயாம் மரண ரயில். பான் போங் முதல் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேசநாட்டுப் போர்க் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரும், ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேரும் மடிந்ததாகக் கணக்கிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் பெயர்க்கற்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழர்கள் காலராவில் விழுந்த இடத்திலேயே புதைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்களாக எழுதி வைத்ததால் இந்த நாட்டுத் தமிழர் நினைவில் அது அழியாமல் இருக்கிறது. இதில் என்ன ஆசீர்வாதம்? எனக்கு எதுவும் தெரியவில்லை. தேடக் கூடாது என்றும் கருதுகிறேன். இறந்தவர் பேச முடியாது. அவர்கள் சார்பில் நாம் அதை நன்மை என்று சொன்னால் யோபுவின் நண்பர்களைவிடக் கேவலமாகிவிடுவோம்.

அப்படியானால் அங்கே கிறிஸ்தவ விசுவாசத்துக்குச் சொல்ல எதுவுமே இல்லையா? இரண்டு காரியங்கள் உண்டு. கடவுளே கைவிட்டதாகக் கதறிச் செத்த ஒருவரை அது கடவுள் என்று வணங்குகிறது. ஆகவே அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் விழுந்தவனுக்கு அயலானான ஒரு கடவுளை அது பிரசங்கிக்க முடியாது. உயிர்த்தெழுந்தவரின் கையில் ஆணித் தழும்பு இருந்தது என்று யோவான் எழுதுவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மகிமையும் காயத்தை அழித்துவிடவில்லை, நடந்தது நடக்காததாக ஆக்கப்படவில்லை. இரண்டாவது, இறந்தவர்களின் கணக்கு இந்த உலகத்தோடு மூடப்படுவதில்லை என்னும் நம்பிக்கை. இதை ஆய்வால் நிறுவ முடியாது. விசுவாசமாகவே அறிக்கையிட முடியும். சி. எஸ். லூயிஸ் 1940-இல் வலியின் சிக்கலைப் பற்றித் தெளிவான தர்க்கத்தோடு ஒரு நூல் எழுதினார். மனைவி இறந்த பிறகு 1961-இல் புனைபெயரில் வெளியிட்ட துக்கக் குறிப்புகளில் அந்தத் தெளிவு உடைந்து, கடவுளோடு சண்டை நடக்கிறது. விசுவாசத்தை விடாமலே சண்டையிட்ட அந்த இரண்டாவது நூலைத்தான் துக்க வீட்டில் இருப்பவருக்கு நான் கொடுப்பேன்.

மிச்சமிருப்பது அரசியல் மறுப்பு. துன்பத்தில் ஆசீர்வாதம் என்ற போதனை கூலிகளை அடங்கியிருக்கச் செய்யும் மயக்க மருந்து என்பார்கள். அப்படிப் பயன்பட்டதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஏழையிடம் பொறுமையை மட்டும் பிரசங்கித்துவிட்டு, துரையிடம் நீதியைப் பிரசங்கிக்காத போதகம் சுவிசேஷத்தின் பாதியைத் திருடியது. ஆனால் அதே சுவிசேஷத்தை வாசித்த சி. எஃப். ஆண்ட்ரூஸ் 1915-இல் ஃபிஜித் தீவுக்குப் போய், ஒப்பந்தக் கூலிகளின் தற்கொலைகளையும் குடும்பச் சிதைவையும் நேரில் கண்டு, இந்த முறையே ஒழிய வேண்டும் என்று எழுதியும் பேசியும் போராடினார். அதை ஒழித்ததில் அவர் பங்கு பெரிது. துன்பத்தில் கடவுளைக் கண்டதால்தான் அவரால் அந்தத் துன்பத்தை விட்டுவைக்க முடியவில்லை. எந்தப் போதனையையும் சோதிக்க எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: கேட்டவன் கை துன்பத்தைக் குறைக்க எழுகிறதா, தூங்குகிறதா? வினைப்பயன் என்று பேசும் உறவினர்களோடு வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவர் பிறந்த மொழியில், துன்பத்தின் முன் நிமிர்ந்து நிற்பதை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. துன்பப்படுகிறவனை விட்டு விலகாத கடவுளைப் பற்றிச் சொல்லலாம். சொல்வதற்கு முன் நாமே விலகாதிருக்க வேண்டும்.

ஓர் உறுப்பு பாடுபட்டால் எல்லா உறுப்புகளும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைப் பிராண்ட் மருத்துவனாக வாசித்தார். வலியை உணராத உடல் ஆரோக்கியமான உடல் இல்லை, நோயாளி. தன் நடுவில் உள்ளவரின் வலி எட்டாத சபையும் அப்படித்தான். இது உவமையோடு நிற்பதில்லை. கார்வில்லில் பிராண்ட் கண்டறிந்தவை இன்று உலகெங்கும் நீரிழிவுக்காரர்களின் கால்களைக் காப்பாற்றுகின்றன. இனிப்பு நீர் முற்றினால் பாதம் மரத்துப்போகிறது. செருப்புக் கடித்ததும் ஆணி குத்தியதும் தெரியாமல் புண் அழுகி, கடைசியில் காலை எடுக்கிறார்கள். மலேசியாவில் இந்த நோய் மிகுதி. இனங்களில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள். சிம்பாங் அம்பாட்டிலும் நிபோங் தெபாலிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் ஜெபக்கூட்டம் நடக்கும் வீடுகளில் இப்படிப் பாதம் மரத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது, ஆண்டவர் நன்மைக்காகவே செய்தார் என்று தொடங்காதீர்கள். அவர் பேசட்டும், கேளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள். புண் இருந்தால் அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.